ஜாவா ஃபங்ஷனை ஜிப்பாகக் கட்டி லேம்ப்டாவில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவார்கஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய கோடை அமேசானின் லேம்ப்டாவில் (அழைப்பு வந்தால் மட்டும் உங்கள் கோடை, அதாவது ஃபங்ஷனை, ஓட்டும் கிளவுட் சேவை) ஏற்றி ஓட்டுவது பற்றி, எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகள் இவை. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். அதனால் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கமாண்டுகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை, அவை குவார்கஸ் கையேட்டில் கிடைக்கும். எதை எப்போது செய்வது, ஏன் செய்வது என்பதுதான் இங்கே.

ஜாவாவை லேம்ப்டாவில் ஓட்டுவது வேண்டாத வேலை என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. லேம்ப்டா 2014 நவம்பரில் அறிமுகமானது, ஜாவா அதில் ஓடத் தொடங்கியது 2015இல். வழக்கமான ஜாவா ஃப்ரேம்வொர்க் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் வீட்டையே ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும். எந்தக் கிளாஸில் என்ன ஆனோட்டேஷன் (கோடில் ஒட்டும் குறிப்பு) இருக்கிறது, எதை எதோடு கோர்ப்பது, கான்ஃபிக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாவற்றையும் அப்போதுதான் தேடும். எப்போதும் ஓடும் சர்வரில் இது எப்போதோ ஒருமுறை நடப்பதால் யாரும் கவலைப்படவில்லை. லேம்ப்டாவில் வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் கடையின் ஷட்டரையே தூக்குகிறோம். அந்தக் காத்திருப்புக்குத்தான் கோல்டு ஸ்டார்ட் என்று பெயர்.

2019 மார்ச்சில் ரெட் ஹேட் அறிவித்த குவார்கஸ், இந்தத் தேடலில் பெரும்பகுதியை பில்ட் நேரத்துக்குத் தள்ளிவிட்டது. உங்கள் லேப்டாப்பிலோ பில்ட் சர்வரிலோ ஒருமுறை செய்து முடித்த வேலையை லேம்ப்டா மறுபடியும் செய்வதில்லை. இதற்கு ஜாவா கோடை மெஷின் கோடாக மாற்றும் நேட்டிவ் பில்ட் எல்லாம் தேவையில்லை, ஜாவாவை வழக்கமாக ஓட்டும் ஜேவிஎம்மிலேயே பலன் தெரியும்.

ஸ்பிரிங் பூட் தெரியும். இதற்காக ஒரு புது ஃப்ரேம்வொர்க் கற்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஸ்பிரிங் கிளவுட் ஃபங்ஷன் இருக்கிறது, மைக்ரோநாட்டும் இருக்கிறது. ஏற்கெனவே பெரிய ஸ்பிரிங் கோடு கையில் இருந்தால் அதை விட்டு வராதீர்கள். இந்தப் பக்கத்தில் பின்னால் சொல்லும் ஸ்னாப்ஸ்டார்ட், மெமரி, ஏலியாஸ் சமாச்சாரங்கள் அங்கேயும் பொருந்தும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் குவார்கஸைச் சொல்வது ஒரே காரணத்துக்காக: பில்ட் முடிந்ததும் ஏற்றத் தயாரான ஜிப்பும், அதை ஏற்றுவதற்கான டெம்ப்ளேட்டும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. இன்னொன்று, குவார்கஸ் 3.7 முதல் ஜாவா 17 ஆவது வேண்டும். பழைய ஜாவா 11 மெஷினில் உட்கார்ந்துகொண்டு ஏன் பில்ட் ஆகவில்லை என்று கேட்காதீர்கள்.

எந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்ப்பது? பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே.

எக்ஸ்டென்ஷன் என்பது குவார்கஸோடு சேர்க்கும் கூடுதல் பகுதி. ஃபங்ஷனை யார் கூப்பிடுவார்கள் என்று முதலில் பாருங்கள். எஸ்3இல் (அமேசானின் கோப்புக் கிடங்கு) கோப்பு விழுந்தால், கியூவில் மெசேஜ் வந்தால் ஓட வேண்டும் என்றால் சாதாரண அமேசான் லேம்ப்டா எக்ஸ்டென்ஷன் போதும். அமேசானின் ரெக்வெஸ்ட் ஹேண்ட்லர் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யும் ஒரு கிளாஸ், அவ்வளவுதான்.

பிரௌசரோ மொபைல் ஆப்போ எச்டிடிபியில் கூப்பிடுமானால் பெயரில் எச்டிடிபி என்று முடிவதை எடுங்கள். எச்டிடிபி அழைப்புகளை லேம்ப்டாவுக்கு அனுப்பும் அமேசானின் ஏபிஐ கேட்வேயில் பழைய ரெஸ்ட் வகையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ரெஸ்ட் என்று முடிவது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் வழக்கமான ரெஸ்ட் கோடையே எழுதலாம், லேம்ப்டாவின் வாசனையே கோடில் இருக்காது. நாளைக்கு அதே கோடைச் சாதாரண கன்டெய்னரில் ஓட்ட நேர்ந்தால் எக்ஸ்டென்ஷனைக் கழற்றினால் போதும்.

நான்காவது ஒன்று உண்டு, ஃபங்கி. ஒரு மெத்தடின் தலையில் ஃபங்க் என்ற ஆனோட்டேஷனை வைத்தால் அது ஃபங்ஷன். அதே மெத்தடை லேம்ப்டா, அஷ்யூர் ஃபங்ஷன்ஸ், கூகுள் கிளவுட் ஃபங்ஷன்ஸ், கேநேட்டிவ் என்று எங்கும் ஏற்றலாம். ஆனால் எல்லாக் கிளவுடுகளுக்கும் பொதுவாக இருப்பதை மட்டும்தான் அது தரும். வேறு கிளவுடுக்குப் போகும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் எடுங்கள். இருக்கட்டுமே என்று எடுக்க வேண்டாம்.

பில்ட் செய்தால் என்ன வருகிறது?

ஜாவாவின் பில்ட் கருவியான மேவனில் பேக்கேஜ் ஓடி முடிந்ததும் டார்கெட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஃபங்ஷன் என்ற பெயரில் ஒரு ஜிப், அதில் உங்கள் கோடும் அதற்கு வேண்டிய ஜார்களும். பக்கத்திலேயே சாம் கருவிக்கான (லேம்ப்டாவில் ஏற்ற அமேசான் தரும் கருவி) இரண்டு யாமல் டெம்ப்ளேட் கோப்புகள், ஒன்று ஜேவிஎம்முக்கு, ஒன்று நேட்டிவ்வுக்கு. சாதாரண லேம்ப்டா எக்ஸ்டென்ஷன் என்றால் மேனேஜ் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றும் இருக்கும்.

ஜேவிஎம் ஜிப்பில் ஹேண்ட்லர் (லேம்ப்டா கூப்பிடும் கிளாஸ்) என்று உங்கள் கிளாஸின் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். குவார்கஸ் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர் என்று குவார்கஸே ஒரு கிளாஸ் வைத்திருக்கிறது, லேம்ப்டாவுக்குத் தெரிய வேண்டியது அதுதான். உங்கள் கிளாஸை அது கூப்பிட்டுக்கொள்ளும். கன்சோலில் கையால் ஃபங்ஷன் உருவாக்குகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

சரி, ஏற்றுவதற்கு எது சுருக்கமான வழி?

ஒரு ஃபங்ஷனைச் சும்மா ஏற்றிப் பார்க்க மேனேஜ் ஸ்கிரிப்டே போதும். எந்த ஐஏஎம் ரோலில் (எதைத் தொட உரிமை என்று சொல்லும் அமைப்பு) ஓட வேண்டும் என்பதை என்வைரன்மென்ட் வேரியபிளாகக் கொடுத்துவிட்டு கிரியேட் என்றால் ஃபங்ஷன் உருவாகும். அப்புறம் கோடை மாற்றி பில்ட் செய்துவிட்டு அப்டேட் என்றால் ஜிப் மட்டும் மாறும்.

மற்றபடி சாம் டிப்ளாய். முதல்முறை கைடட் என்று சேர்த்து ஓட்டினால் ஸ்டாக்குக்கு என்ன பெயர், எந்த ரீஜன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில்களை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளும். இரண்டாம் முறையிலிருந்து ஒற்றை வரி.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அந்த யாமல் டார்கெட் ஃபோல்டருக்குள் பிறக்கிறது. நீங்கள் அதில் அழகாக மெமரியை ஏற்றி, வேரியபிள்களைச் சேர்த்து வைத்திருப்பீர்கள். அடுத்த கிளீன் பில்டில் எல்லாம் போய்விடும். நான் இரண்டு முறை இழந்த பிறகுதான் உறைத்தது. முதல் நாளே அதை ப்ராஜெக்டின் வேர் ஃபோல்டருக்கு நகல் எடுத்து கிட்டில் போட்டுவிடுங்கள். ஜிப் இருக்கும் பாதையில் டார்கெட் என்பதை முன்னால் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்றித்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். வேகமாக டிப்ளாய் செய்வதைவிட டிப்ளாயே செய்யாமல் இருப்பது இன்னும் வேகம். குவார்கஸை டெவ் மோடில் ஓட்டினால் லேம்ப்டாவைப் போல நடிக்கும் ஒரு சின்ன சர்வர் 8080 போர்ட்டில் எழுந்து நிற்கும். ஈவென்ட்டின் ஜேசானை (அதன் விவரங்கள் உள்ள உரை) அங்கே போஸ்ட் செய்தால் உங்கள் ஹேண்ட்லர் ஓடும். கோடைத் திருத்தி சேவ் செய்துவிட்டு மறுபடி அனுப்பினால் புதுக் கோடு பதில் சொல்லும். எச்டிடிபி எக்ஸ்டென்ஷன் என்றால் பிரௌசரிலேயே பார்க்கலாம். டெஸ்ட் ஓடும்போது அதே நடிப்பு சர்வர் 8081இல் இருக்கும்.

இதில் தெரியாதது பெர்மிஷன். எஸ்3 பக்கெட்டைத் தொட ரோலுக்கு உரிமை இருக்கிறதா என்பது லேம்ப்டாவில் ஏற்றினால்தான் தெரியும்.

ஜேவிஎம்மா, நேட்டிவ்வா?

எல்லோரும் ஆவலாகக் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் முடிவு செய்யச் சொல்வதும் இதைத்தான்.

நேட்டிவ் என்றால் கிரால்விஎம் என்ற கருவி உங்கள் ஜாவா கோடை மெஷின் கோடாகவே மாற்றிவிடுகிறது. ஜேவிஎம்மே இல்லை. எழுவது கண் இமைக்கும் நேரம், மெமரியும் கொஞ்சம் போதும். கேட்க இனிக்கிறது. விலையை பில்ட் நேரத்தில் கொடுக்கிறோம். சில விநாடிகளில் முடிந்த பில்ட் இப்போது நிமிடக்கணக்கில் ஓடும், மெமரியைப் பல ஜிபி விழுங்கும். பில்டை ஓட்டும் டாக்கருக்குக் குறைவாக ஒதுக்கியிருந்தால் 137 என்ற எண்ணை மட்டும் காட்டிவிட்டு பில்ட் செத்துப்போகும். அந்த எண்ணுக்கு அர்த்தம் மெமரி போதவில்லை, கெர்னல் கொன்றுவிட்டது என்பதே. ஒரு நாளில் பத்து முறை ஏற்றுகிற டீமுக்கு இந்தக் காத்திருப்பு சின்ன விஷயமில்லை.

கோல்டு ஸ்டார்ட் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதையும் பாருங்கள். ப்ரொடக்‌ஷனில் அது பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவான அழைப்புகளில்தான் வருகிறது என்று அமேசானே சொல்கிறது. இரவில் கியூவிலிருந்து ரசீது அடித்துக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் ஒரு விநாடி தாமதமாக எழுந்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் ஒரு கணக்கு மாறியிருக்கிறது. ஜேவிஎம் ஜிப்பாக ஏற்றிய ஃபங்ஷன்களில் எழும் நேரத்துக்கு முன்பு கட்டணம் கிடையாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அதுவும் பில்லில் சேர்கிறது. ஆகவே கோல்டு ஸ்டார்ட் இனிமேல் வெறும் தாமதம் மட்டுமில்லை, கொஞ்சம் காசும்தான்.

என் வரிசை இது: முதலில் ஜேவிஎம் ஜிப். போதவில்லை என்று லாக் சொன்னால் மெமரியை ஏற்றிப் பார்ப்பது. அப்புறம் ஸ்னாப்ஸ்டார்ட். அதுவும் போதாவிட்டால்தான் நேட்டிவ். பெரும்பாலான ஃபங்ஷன்கள் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகின்றன.

லாக் சொன்னால் என்றால்? எங்கே பார்ப்பது?

அமேசானின் லாக் சேவையான கிளவுட்வாட்ச்சில் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் ரிப்போர்ட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். ஓடிய நேரம், கட்டணம் கணக்கிட்ட நேரம், கொடுத்த மெமரி, பயன்பட்ட மெமரி என்று வரிசையாகப் போகும். கோல்டு ஸ்டார்ட் நடந்திருந்தால் மட்டும் அதே வரியில் இனிட் டியூரேஷன் சேர்ந்திருக்கும். ஸ்னாப்ஸ்டார்ட் போட்டிருந்தால் அந்த இடத்தில் ரெஸ்டோர் டியூரேஷன். ஒரு நாள் லாக்கில் இனிட் உள்ள வரிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள், பாதி விவாதம் முடிந்துவிடும்.

மெமரி எவ்வளவு கொடுக்கலாம்?

128 எம்பியிலிருந்து 10,240 எம்பி வரை கொடுக்கலாம். மெமரியோடு சிபியுவும் அதே விகிதத்தில் ஏறும் என்பதுதான் இதில் சூட்சுமம். 1,769 எம்பியில்தான் ஒரு முழு விசிபியு (மெய்நிகர் சிபியு) கிடைக்கிறது. சிக்கனம் என்று 256 கொடுத்தால் சிபியுவில் ஏழில் ஒரு பங்குதான் வரும், ஜேவிஎம் எழுந்திருக்கத் திணறும். கூடுதல் மெமரி கொடுத்து, ஓடும் நேரம் பாதியாகி, பில் அப்படியே நிற்பதும் உண்டு. டெம்ப்ளேட்டில் குவார்கஸ் போட்டிருக்கும் அளவை அப்படியே விட்டுவிடாமல் 512, 1024, 1769 என்று மூன்றிலும் ஓட்டி ரிப்போர்ட் வரியை ஒப்பிடுங்கள்.

கூடவே, ஜேவிஎம் ஜிப்புக்கு எந்த சிப் என்ற கவலை இல்லை. டெம்ப்ளேட்டில் ஆர்க்கிடெக்சர் வரியை ஆர்ம்64 என்று மாற்றினால் அதே ஜிப் அமேசானின் ஆர்ம் சிப்பான கிராவிட்டானில் ஓடும். ஓடும் நேரத்துக்கான விலை அங்கே 20 சதவீதம் குறைவு.

ஸ்னாப்ஸ்டார்ட் என்றால் என்ன? அதில் என்ன வம்பு?

2022 நவம்பரில் முதலில் ஜாவா 11க்கு வந்தது. ஃபங்ஷனின் ஒரு வெர்ஷனை வெளியிடும்போதே அமேசான் அதை ஒருமுறை எழுப்பி, எழுந்து நிற்கும் நிலையில் மெமரியை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆள் வரும்போது முதலிலிருந்து எழுப்பாமல் அந்தப் படத்திலிருந்து தொடர்கிறது. தோசை மாவை அப்போது அரைக்காமல், அரைத்துப் புளித்த மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பது மாதிரி. ஜாவாவுக்கு இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. குவார்கஸின் லேம்ப்டா எக்ஸ்டென்ஷன், படம் பிடிக்கும் முன்பே கிளாஸ்களை ஏற்றி வைத்து உதவுகிறது.

வம்புகளைச் சொல்கிறேன். முதலாவது, வெளியிட்ட வெர்ஷனுக்குத்தான் இது வேலை செய்யும், லேட்டஸ்ட் (கடைசியாக ஏற்றிய, இன்னும் வெளியிடாத கோடு) என்று கூப்பிட்டால் கிடையாது. வெளியிடவும் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும், சில நிமிடங்கள்கூட ஆகலாம், படம் எடுக்க வேண்டுமே. கன்டெய்னர் இமேஜாக ஏற்றினால் இது இல்லை. பிரதிகளை முன்கூட்டியே எழுப்பி வைக்கும் ப்ரொவிஷன்டு கன்கரன்சியோடும் சேராது.

இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. படம் ஒன்று, அதிலிருந்து எழும் பிரதிகள் பல. எழும்போது ஒரு ரேண்டம் எண்ணையோ ஐடியையோ உண்டாக்கி ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்திருந்தால் எல்லாப் பிரதிகளுக்கும் அதே எண்தான். திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்பும் படத்தில் செத்த பிணமாக இருக்கும். இதற்காகவே கிராக் என்ற ஜாவா ப்ராஜெக்டின் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. படம் எடுக்குமுன் ஓடுவது ஒன்று, அதில் இணைப்பை மூடுங்கள். எழுந்தபின் ஓடுவது இன்னொன்று, அதில் புதிதாகத் திறந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது: ஒரு வெர்ஷனை 14 நாள் யாருமே கூப்பிடாவிட்டால் அதன் படத்தை அமேசான் எடுத்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஃபங்ஷனுக்கு ஸ்னாப்ஸ்டார்ட் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நேட்டிவ் ஜிப்பை ஏற்றினேன். எழவே மாட்டேன் என்கிறது.

லாக்கில் எக்சிக் ஃபார்மட் எரர் என்று இருக்கிறதா? அப்படியானால் வேறு மெஷினுக்கான பைனரியை ஏற்றியிருக்கிறீர்கள். மேக்கில் நேரடியாக பில்ட் செய்தால் வருவது மேக் பைனரி, லேம்ப்டாவில் இருப்பது லினக்ஸ். கன்டெய்னருக்குள் பில்ட் செய் என்ற அமைப்பைப் போட வேண்டும். போட்டும் அதே பிழை வருகிறது என்றால் சிப்பைப் பாருங்கள். புது மேக்குகள் ஆர்ம், டெம்ப்ளேட்டில் எக்ஸ்86 என்றிருந்தால் உதைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் கோடில் பிழை தேடிவிட்டு, கடைசியில் அந்த ஒற்றை வரியை மாற்றி வீட்டுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு.

பெர்மிஷன் டினைடு என்று வந்தால், ஜிப்பை யாரோ விண்டோஸில் பிரித்து மறுபடி சுருக்கியிருப்பார்கள். நேட்டிவ் ஜிப்புக்குள் பூட்ஸ்ட்ராப் என்ற ஒரு பைனரி இருக்கும், அதற்கு எக்சிக்யூட் உரிமை வேண்டும். விண்டோஸ் அதைத் தொலைத்துவிடும். குவார்கஸ் கட்டிக்கொடுத்த ஜிப்பைத் தொடாமல் ஏற்றுங்கள்.

எழுகிறது, ஆனால் ஜேசான் மட்டும் சரியாக வரவில்லை. ஜேவிஎம்மில் ஒழுங்காக வந்ததே?

ரிஃப்ளெக்‌ஷன். அதாவது ஓடும்போது கிளாஸின் உள்ளே பெயர் சொல்லித் தேடுவது. நேட்டிவ் பில்ட் நடக்கும்போது எந்தக் கிளாஸ், எந்த மெத்தட் பயன்படும் என்று கிரால்விஎம் கணக்கெடுத்து, மற்றதை வெட்டி எறிந்துவிடும். உங்கள் மெத்தட், ரசீது என்ற கிளாஸையே நேராகத் திருப்பித் தந்தால் குவார்கஸ் புரிந்துகொண்டு அதைப் பதிவு செய்துவிடும். ரெஸ்பான்ஸ் என்ற பொது உறைக்குள் ரசீதைப் போட்டுத் தந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பில்ட் நேரத்தில் தெரியாது. ஜேசானாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரி வந்து பார்க்கும்போது ப்ராப்பர்ட்டியே இல்லாத கிளாஸ் ஒன்று நிற்கும், சீரியலைசர் கிடைக்கவில்லை என்று புலம்பும். அந்தக் கிளாஸின் தலையில் ரெஜிஸ்டர் ஃபார் ரிஃப்ளெக்‌ஷன் ஆனோட்டேஷனை வையுங்கள், தீர்ந்தது. நேட்டிவ்வில் போவதாக இருந்தால் நேட்டிவ் பைனரியோடு ஓடும் டெஸ்டுகளும் கட்டாயம் வேண்டும். ஜேவிஎம் டெஸ்ட் பச்சையாக இருப்பது இதற்கு உத்தரவாதமில்லை.

ஜிப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

நேரடியாக ஏற்ற 50 எம்பி வரை, அதற்கு மேல் எஸ்3 வழியாக. விரித்த பிறகு 250 எம்பியைத் தாண்டக் கூடாது. அதையும் தாண்டினால் 2020 டிசம்பரிலிருந்து கன்டெய்னர் இமேஜாக 10 ஜிபி வரை ஏற்றலாம். ஆனால் அதற்கு முன் மேவனின் டிபெண்டன்சி மரத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அமேசான் எஸ்டிகே (அதன் சேவைகளைக் கூப்பிடும் லைப்ரரி) முழுவதையும் இழுத்து வைத்திருப்பீர்கள், வேண்டியது எஸ்3 கிளையன்ட் ஒன்றுதான்.

ஒரே ப்ராஜெக்டில் பல ஃபங்ஷன்கள் வைக்கலாமா?

வைக்கலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடும் அதுதான். ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் நேம்டு ஆனோட்டேஷனால் ஒரு பெயர் கொடுங்கள், ரசீது, நினைவூட்டல், ரீஃபண்ட் என்று. ஒரு ஜிப்பில் ஒரு நேரத்தில் ஒரு ஹேண்ட்லர்தான் ஓடும், எது என்பதை குவார்கஸின் லேம்ப்டா ஹேண்ட்லர் அமைப்பு சொல்லும். அதை என்வைரன்மென்ட் வேரியபிளாகவும் கொடுக்கலாம். ஆகவே ஒரே ஜிப்பை மூன்று ஃபங்ஷன்களாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் அந்த வேரியபிளை மட்டும் மாற்றினால் போதும். பில்ட் ஒன்று, டெஸ்ட் ஒன்று, ஜிப் ஒன்று. ஒன்றில் கனமான லைப்ரரி சேர்ந்தால் மூன்றுமே கனக்கும் என்பது மட்டும் குறை.

புதுக் கோடு ஏற்றிவிட்டேன், பழையதுதான் ஓடுகிறது!

ஏலியாஸைப் பாருங்கள், ஏதாவது ஒரு வெர்ஷனைக் காட்டும் பெயர் அது. ஜிப்பை ஏற்றினால் மாறுவது லேட்டஸ்ட் மட்டும். வாடிக்கையாளர் வருவது ஏலியாஸ் வழியாக, அது இன்னும் 41ஆம் வெர்ஷனையே காட்டிக்கொண்டிருக்கும். புது வெர்ஷனை வெளியிட்டு, ஏலியாஸை அதற்குத் திருப்ப வேண்டும். சாம் டெம்ப்ளேட்டில் ஆட்டோ பப்ளிஷ் ஏலியாஸ் என்ற வரியைப் போட்டால் இரண்டையும் அதுவே செய்துவிடும்.

திரும்பிப் போவதும் இதே வழிதான். ஏலியாஸைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்புவது ஒரு கமாண்ட், பில்டே தேவையில்லை. முதல் 5 நிமிடம் 10 சதவீதம் பேரை மட்டும் புது வெர்ஷனுக்கு அனுப்பு என்று அமேசானின் கோட்டிப்ளாய் சேவையிடம் சொல்லவும் முடியும். இரவு 11 மணிக்கு இதன் அருமை தெரியும்.

டேட்டாபேஸ் இணைப்புப் பூல் எவ்வளவு?

ஒன்று. அதிகம் போனால் இரண்டு. வழக்கமான லேம்ப்டா பிரதி ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைத்தான் கவனிக்கும், அதற்கு எதற்கு 20 இணைப்பு? வழக்கமாக ஒரு ரீஜனில் 1,000 பிரதிகள் வரை ஒரே சமயத்தில் எழலாம். ஒவ்வொன்றும் பத்து இணைப்பைப் பிடித்தால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் தாங்காது. நெரிசல் அதிகமென்றால் நடுவில், இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஆர்டிஎஸ் ப்ராக்சியை வையுங்கள்.

எதை இதில் ஏற்றக் கூடாது?

15 நிமிடத்துக்கு மேல் ஓடும் எதையும். அந்த நேரம் வந்ததும் லேம்ப்டா பாதியிலேயே வெட்டிவிடும். எச்டிடிபி வழியாக வருவதற்கு ஏபிஐ கேட்வே இயல்பாக அரை நிமிடத்துக்கு மேல் பொறுக்காது. பதில் 6 எம்பியைத் தாண்டினாலும் உதைக்கும், கோப்பை எஸ்3இல் வைத்துவிட்டு லிங்க்கைக் கொடுங்கள். நாள் முழுக்க ஒரே சீராக ஆள் வந்துகொண்டிருக்கும் சர்வீஸையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், பல சமயம் ஒரு சாதாரண கன்டெய்னரே மலிவாக முடியும். எச்டிடிபி எக்ஸ்டென்ஷனில் எழுதியிருந்தால் அங்கே மாற்றுவது அரை நாள் வேலை. நாங்கள் போன மாதம் ஒன்றை அப்படித்தான் இறக்கினோம்.